ரஜிதா கேட்ட கேள்வி

அழகம்மாவின் கட்டிலருகே நின்று தக்ஷிகா கோப்பில் சரி போட்டதைப் பார்த்ததும் ரஜிதாவுக்கு இளக்காரமாகச் சிரிப்பு வந்தது. ஹட்டன் கடைவீதி முதலாளி மகள், பல்கலைக்கழகத்தில் நான்கு வருடத் தாதியர் பட்டம் படிக்கிற மகாராணி! நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேச அங்கே யாரும் சொல்லித்தரவில்லை போலும். "ராத்திரிக்குப் பெறகு ஏதும் சாப்பிட்டீங்களா?" என்று கோப்பைப் பார்த்தே கேட்டிருந்தாள் தக்ஷிகா. "இல்லைங்க மிஸ்" என்றாள் அழகம்மா. அவ்வளவுதான், ஆப்பரேஷனுக்கு ஆள் தயார்.

ரஜிதா மூன்று வருட டிப்ளோமா மாணவி. முதல் வருடத்திலேயே வார்ட்டில் மலச்சட்டி கழுவியவள். "ஒங்களுக்கு செய்யத்தான் சொல்லித் தாறாங்க, ஏன்னு யோசிக்கிறது நாங்கதான்" என்று போன வாரம் தக்ஷிகா எல்லார் முன்னாலும் சொன்னது அவளுக்கு இன்னும் எரிந்தது. யோசிக்கிறாளாம், பெரிய மேதாவி! தேயிலைக் கொழுந்து எடுக்கிற சனம் தேத்தண்ணியைச் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை என்பது வட்டகொடைத் தோட்ட லயத்தில் பிறந்த ரஜிதாவுக்குத் தெரியும். அது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

தக்ஷிகா நகர்ந்ததும் ரஜிதா குனிந்து கேட்டாள். "காலையில தேத்தண்ணி குடிச்சீங்களா?"

"அது குடிச்சேங்க. மக பிளாஸ்க்ல கொண்டாந்தா, பால்மா போட்டு."

பால் வயிற்றில் இருக்க மயக்க மருந்து கொடுத்தால் வாந்தி நுரையீரலுக்குள் போகும். உயிரே போகலாம். உடனே சொல்லியிருக்க வேண்டும். ரஜிதா சொல்லவில்லை. ஆப்பரேஷன் தியேட்டர் வாசலில் டாக்டர் முன்னால் சொன்னால்தானே பட்டதாரி அம்மாவின் மானம் கப்பலேறும்.

தள்ளுகட்டிலை அவளே தள்ளிப் போனாள். தக்ஷிகா கோப்போடு கூட வந்தாள். வாசலில் மயக்க மருந்து டாக்டர் கோப்பைப் புரட்டி, உள்ளே கொண்டுபோகச் சொல்லித் தலையாட்டிய பிறகுதான் ரஜிதா வாயைத் திறந்தாள்.

"டாக்டர், இவங்க பால் தேத்தண்ணி குடிச்சிருக்காங்க."

டாக்டர் தக்ஷிகாவைப் பிடித்துக்கொண்டார். ஆளைக் கொல்லவா படிக்கிறாய் என்று அவர் கத்தக் கத்த ரஜிதாவுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. தக்ஷிகா தலையைக் குனிந்துகொண்டாள். நல்லா வேணும்.

அழகம்மா பதறி எழுந்து உட்கார்ந்தாள். "அந்தப் புள்ளைய ஏசாதீங்க ஐயா. தேத்தண்ணி குடிச்சீங்களான்னு இந்த மிஸ் வார்ட்டுலயே கேட்டாங்க, அப்பவே சொல்லிட்டேன். இவங்க கெட்டிக்காரப் புள்ள."

டாக்டர் கத்துவதை நிறுத்தினார். தக்ஷிகா நிமிர்ந்தாள். இருவரும் ரஜிதாவையே பார்த்தார்கள். கொழுந்துக் கறை ஏறிய விரல்களால் அழகம்மா அவள் கையைப் பிடித்துத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ரஜிதா இழுத்துப் பார்த்தும் விடவில்லை.