ஏழாவது குடுவை

“எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்லேர்ந்து ஆரம்பிச்சா, நீ மறுபடி பொறப்பியாடி?” என்று மார்கிட் ஒருமுறை கேட்டாள்.

நான் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அடுத்த குடுவையை எடுத்துத் தேய்த்தேன்.

“வாயில்லாப் பூச்சி” என்று சிரித்தாள். தான் வளர்க்கிற பாக்டீரியாக்களையும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு, மிச்சிகனில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்துக்குக் கழுவ வந்தவள் நான். அவளுடைய ஆராய்ச்சியே அந்தக் கேள்விதான் என்று மெல்லத்தான் தெரிந்தது.

அங்கே பாக்டீரியாவில் இரண்டு குடும்பங்கள். குடுவையில் பார்த்தால் வித்தியாசமில்லை. தட்டில் வளர்த்தால் ஒன்று சிவப்புப் புள்ளி, மற்றது வெள்ளை. பல வருஷங்களுக்கு முன்பு சிவப்புக் குடும்பத்தின் ஒரு குடுவையில் பூச்சிகள் மளமளவென்று பெருகி நீர் திடீரென்று கலங்கியது. அதுவரை எதுவும் தொடாத எலுமிச்சை உப்பைத் தின்ன அவை பழகிவிட்டன. அது இயற்கையின் விதியா, வெறும் அதிர்ஷ்டமா? விதி என்றால் வெள்ளைக் குடும்பத்திலும் நடக்க வேண்டும். மார்கிட் உறைபெட்டியிலிருந்து வெள்ளை மூதாதையை எழுப்பி இருபது குடுவைகளில் விட்டாள். தினமும் ஒவ்வொன்றிலிருந்தும் நூற்றில் ஒரு பங்கைப் புதுக் குடுவைக்கு மாற்றினாள். மூன்று வருஷம். ஒன்றும் கலங்கவில்லை. மே மாதத்தோடு அவளுடைய உதவித்தொகை முடிகிறது.

“உன் பூச்சிங்க டயட்ல இருக்கு போல” என்பான் பக்கத்து மேஜை நீல்ஸ்.

“நீயும் இரேன். இது மூணாவது டோனட்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்கிட் தன் அம்மாவைப் பார்க்கப் போனாள். மாற்றும் வேலையை என்னிடம் விட்டாள்.

“உப்பைத் தின்னுற பழைய சிவப்பு, என்னோட வெள்ளை, மாறி மாறி வரும். கலந்துட்டா தட்டுல கலர் காட்டிக்குடுத்துடும். ஒவ்வொரு குடுவைக்கும் உறிஞ்சுற பிப்பெட் நுனிய மாத்திடு. அவ்வளவுதான். பயப்படாதடி.”

ஆய்வகத்தில் தனியாக நின்றபோது அவள் கேள்விக்குப் பதில் யோசித்தேன். என் அம்மா ஒரு பனிப்புயலில் பேருந்தைத் தவறவிட்டாள். அந்த வழியாக வந்த அப்பா லாரியை நிறுத்தினார். இரண்டு டிகிரி கூடியிருந்தால் அன்றைக்கு வெறும் மழைதான். எத்தனை முறை முதலிலிருந்து ஓட்டினாலும் குளிரில் நீர் உறையும். அம்மா மறுபடியும் தாமதமாகக் கிளம்புவாளா? மாட்டாள். நான் பிறக்க மாட்டேன். ஆனால் நீ இந்த மேஜையில் இருப்பாய் என்றால், மார்கிட், எப்படியாவது வந்துவிட வேண்டும் போல இருக்கிறது.

இதைத் திங்கட்கிழமை சொல்லிவிடலாமா என்று நினைத்துக்கொண்டே பழைய சிவப்புக் குடுவையிலிருந்து அவளுடைய ஏழாவது வெள்ளைக் குடுவைக்குப் போனேன். நுனியை மாற்றவில்லை. புதுக் குடுவையில் விட்டு முடித்த பிறகுதான் கவனித்தேன்.

தவறினால் கொட்டிவிட்டு, குளிர்பெட்டியில் இருக்கும் முந்தைய நாள் குடுவையிலிருந்து மறுபடி எடுக்க வேண்டும். தவறைக் குறிப்பேட்டிலும் எழுத வேண்டும். எழுதினால் இனி அந்த மேஜையைத் தொடவிட மாட்டார்கள். நுனியில் ஒட்டியிருந்தது ஒரு துளிகூட இல்லையே, என்ன ஆகிவிடும் என்று குடுவைகளை வெப்ப அலமாரியில் வைத்து மூடினேன்.

வியாழக்கிழமை ஏழாவது குடுவை கலங்கியிருந்தது.

“விதிதான்டி! நீல்ஸ், எங்கடா போன, வந்து பாரு! அதிர்ஷ்டம் இல்லடா, விதி!” மார்கிட் என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவள் ஸ்வெட்டரில் நனைந்த கம்பளி வாசம். “நாளைக்குத் தட்டைப் பார்த்துட்டு எல்லாருக்கும் சொல்லிடலாம். என்னடி, உனக்குச் சந்தோஷமா இல்லையா?”

தலையாட்டினேன். அந்தக் கை இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று, நுனியைப் பற்றிச் சொல்வதைத் தள்ளிப்போட்டு நானும் அவளைக் கட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஓரத்தில் ஏழெட்டு வெள்ளைப் புள்ளிகள். மற்றதெல்லாம் சிவப்பு.

“நம்ம சிவப்புங்கதான் உள்ள பூந்துடுச்சு போலிருக்கு” என்றான் நீல்ஸ் மெதுவாக.

அவள் குறிப்பேட்டை எடுத்தாள். அவள் விரல் ஒவ்வொரு நாளாக இறங்கி, ஞாயிறில் என் எழுத்தின் மேல் நின்றது.

“நான்தான்” என்றேன். “நுனிய மாத்தல. அன்னிக்கே தெரியும். உங்க கேள்விக்குப் பதில் யோசிச்சுட்டு இருந்தேன்.”

என்ன பதில் என்று கேட்பாள் என்று நின்றேன். மார்கிட் தட்டை மூடி என் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். கோட்டை மாட்டிக்கொண்டாள். பொத்தான்களைப் போடாமலே கதவைத் திறந்து பனிக்குள் போனாள்.