தொண்ணூறு பர்சென்ட் முடிந்த வீடு

1

இந்தக் கதை எனக்குத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் கிடைத்தது. கிடைத்தது என்பது பொய். என் தலையில் கட்டப்பட்டது. எங்கள் தெரு அமலா விழுப்புரம் பஸ்ஸுக்கு நின்றிருந்தவர், என்னைப் பிடித்துக்கொண்டார்.

"கதையெல்லாம் எழுதறீங்களே சார், என் வீடு எப்ப முடியும்னு எழுதிக் குடுங்களேன்."

விழுப்புரம் பக்கம் காணையில் வீடு கட்டுகிறார். இங்கே வாடகை வீட்டை மே முப்பத்தொன்றில் காலி செய்தாக வேண்டும். அவருக்கும் மகள் ஆஷ்லினுக்கும் போக வேறு இடமில்லை.

2

காணையின் வயல்களுக்கு நடுவே, காலைக் கதிரவன் தன் பொற்கரங்களை...

வேண்டாம். மேஸ்திரியிடம் போவோம்.

3

மேஸ்திரி சகாயராஜை வில்லனாக்கிப் பார்த்தேன். (ஒத்துவரவில்லை. எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டார்.)

ஏப்ரல் கடைசியில், "தொண்ணூறு பர்சென்ட் முடிஞ்சிதும்மா" என்றார். மே பாதியிலும் அதையே சொன்னார்.

"அந்தப் பத்து எங்கண்ணா சுத்திக்கினு கீது?" என்றார் அமலா.

வேலை பிந்துகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த அடையாளம் இதுதான்: பர்சென்ட் நகராது, சொல்கிறவர் குரலில் மட்டும் தெம்பு கூடும்.

அமலா மேஸ்திரியின் காலண்டரை வாங்கிப் பார்த்தார். ஞாயிறு, பெரிய வெள்ளி எல்லாம் லீவு என்று சிவப்பில் குறிக்கப்பட்டிருந்தன. அமாவாசைகள் சும்மா கிடந்தன. ஆட்கள் அத்தனை பேரும் அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் அங்காளம்மனைப் பார்க்கப் போகிறவர்கள். போக ஒரு நாள், வந்து தூங்க ஒரு நாள்.

"நான் சர்ச்சுக்குப் போறவன்மா. அமாவாசை என் கண்ணுலயே படல."

4

(பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். "தொண்ணூறு பர்சென்ட் முடிந்தது சார்" என்றேன். அப்போது முதல் பாரா மட்டும்தான் இருந்தது. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் குரல் நன்றாகத் தெம்பாக வந்தது.)

5

முடிவு ஒன்று: வீடு முடிகிறது. நீங்களே நம்பமாட்டீர்கள்.

முடிவு இரண்டு: வாடகை வீட்டுக்காரர் மனமிரங்கி இன்னொரு மாதம் தருகிறார். அவரை எனக்குத் தெரியும், அந்த வரியை அடித்துவிட்டேன்.

நடந்தது: முப்பத்தொன்றாம் தேதி காலை ஒரு குட்டியானை வண்டியில் பீரோ, கட்டில், மாதா படம், ஆஷ்லின் எல்லாம் காணைக்குப் போய்ச் சேர்ந்தன. பூசாத சுவரோரம் அமலா அடுப்பைப் பற்ற வைத்தார்.

"இங்கயே குந்திக்கினு இருப்பேன். என்னைச் சுத்தி வேலை பாருங்க."

சகாயராஜ் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்து பூச்சுக் கரண்டியை எடுத்தார். அதுவரை அவர் அந்த வீட்டுக்குள் செருப்போடுதான் நடந்தார்.

6

இங்கே முடிவு வர வேண்டும். நாளை அமாவாசை, ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். வாசலுக்கு இன்னும் கதவு மாட்டவில்லை, அமலா புடவை கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்.

நீங்கள் அந்தப் பக்கம் போனால் பார்த்துவிட்டு மீதியை எழுதிக்கொள்ளுங்கள். குரல் கொடுத்துவிட்டுப் போங்கள், உள்ளே ஆள் குடியிருக்கிறது.