காத்தாடி தொழப் போன நேரம்

படக்கதை நாயகி காத்தாடி, பதினைந்து வயதுக்காரி, தினமும் ஐந்து வேளை பக்கத்தை விட்டு இறங்கித் தொழப் போய்விடுவாள். நீலத் தலைத்துணி, சிவப்பு ஷூ, ஒற்றைக் கையால் பேருந்தைத் தூக்கும் வலு எல்லாம் அவளோடு போய்விடும். கட்டத்தில் மிஞ்சுவது அந்தரத்தில் தொங்கும் பேருந்தும், அடி வாங்கத் தோதாக முகத்தைக் கோணிக்கொண்டு நிற்கும் வில்லனும்தான். அச்சான அத்தனை பிரதிகளிலும் ஒரே சமயத்தில் இது நடந்தது. சற்று நேரம் கழித்து வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். இடைப்பட்ட நேரத்தில் பேருந்து கீழே விழுந்ததாக எந்த வீட்டிலிருந்தும் புகார் வரவில்லை.

பாத்திரக் கடைக்கு மேலே ஒற்றை அறையில் பதிப்பகம் நடத்திய மாமா, முதலில் அச்சுக்காரரிடம்தான் சண்டைக்குப் போனார். "என் மெஷின் மை குடிக்கும், மனுஷங்களைக் குடிக்காது" என்று அவர் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகுதான் படம் வரைந்த அக்கா மகளைக் கேட்டார். "அவ தொழுற பொண்ணு மாமா. நேரம் வந்தா போகத்தானே செய்வா?" என்றாள் அவள், தூரிகையைக் கழுவியபடியே. அம்மா இறந்து மாமா வீட்டுக்கு வந்தவள் அவள். 'ம்' என்பதற்கு மேல் வாய் திறக்காமல் வெகுகாலம் இருந்தவள். காத்தாடியை வரைய ஆரம்பித்த பிறகுதான் குழம்பில் உப்பில்லை என்று சொல்கிற அளவுக்குத் தேறினாள். அந்த முதல் குறையைக் கேட்ட அன்று மாமாவும் மாமியும் அடுக்களையில் நின்று சந்தோஷத்தில் மூக்கைச் சிந்தினார்கள்.

கடை கடையாகப் புத்தகம் போடும் மொத்த வியாபாரிக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. திரும்பி வந்த பிரதிகளைக் கட்டுக் கட்டாக மேசையில் இறக்கினார். "ஆளில்லாத படத்தை எவன் வாங்குவான்? ஒண்ணு அவளை ஒரு இடத்துல நிக்க வைங்க. இல்லன்னா அவளை எடுத்துட்டு ஒரு பேசுற கரடியைப் போடுங்க. கரடி எங்கேயும் போகாது." வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதில் வேண்டும் என்று கெடு வைத்தார். மாமா கோடுகளைத் தடிமனாக்கி, மையைக் குழைத்துப் பூசிப் பார்த்தார். காத்தாடி அப்போதும் போனாள். காயாத மையோடு அவள் இறங்கியதில், வாசகர்களின் வீட்டுச் சுவர்களில் கறுப்புக் கைத்தடம் பதிந்ததுதான் மிச்சம். சுண்ணாம்புச் செலவைக் கேட்டுத் தாய்மார்கள் படியேறி வந்தார்கள். அக்கா மகளோ, "கரடியை நான் வரைய மாட்டேன்" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டு பழையபடி 'ம்' கொட்ட ஆரம்பித்தாள். புத்தகம் நின்றால் வேறு புத்தகம் போடலாம். பெண்ணின் வாய் மறுபடி மூடிக்கொண்டால் எங்கே போய்த் திறப்பது?

பேரம் பேசாமல் வாங்கிய பொருள் வீட்டில் தங்காது என்று நம்பும் கடைத்தெருவில் வளர்ந்தவர் அவர். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை முடிந்து வந்து, மூலப் படத்தை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வேலி தாண்டுவதுபோல் கட்டத்தின் கோட்டைத் தாண்டிக் காத்தாடி திரும்பி வந்ததும், "வாம்மா. இத்தனை தடவை கடையைச் சாத்தினா யாவாரம் என்னாகும்? ரெண்டு வேளையாக் குறைச்சுக்கக் கூடாதா?" என்றார்.

"அதுல பேரம் பேச நான் முதலாளி இல்ல மாமா. நீங்களும் மதியம் பூட்டிட்டுத்தானே போறீங்க?"

"நான் 'இதோ வந்துடறேன்'னு கதவுல பலகை மாட்டிட்டுல்ல போறேன்!"

காத்தாடி கொஞ்சம் யோசித்தாள். "சரி, என் ஷூவை விட்டுட்டுப் போறேன். அதுக்கு மேல ஒரு நூலிழைகூட இறங்க மாட்டேன்." நல்ல வியாபாரி எங்கே நிறுத்துவான் என்பது மாமாவுக்குத் தெரியும். கைகொடுக்க முடியாததால் தலையை ஆட்டினார்.

அன்று சாயங்காலம் மொத்த வியாபாரி வந்து, சூரியன் மறைகிற நேரமாகப் பார்த்துப் புத்தகத்தைப் பிரித்தார். ஆள் இல்லை. ஆனால் பேருந்துக்குக் கீழே சிவப்பு ஷூ இரண்டும் ஒழுங்காக, மூக்கு வெளிப்பக்கம் பார்க்க நின்றன. மனிதர் குனிந்து உற்றுப் பார்த்தார். தொழப் போன இடத்தில் புதுச் செருப்பைப் பறிகொடுத்து, வெறுங்காலோடு வெயிலில் வீடு வந்து சேர்ந்த அனுபவம் அவருக்கும் உண்டு. வில்லனின் கண் ஷூ பக்கம் சாய்வதைப் பார்த்தார். "டேய், கை வச்சே, கையை ஒடிச்சுடுவேன்" என்று பக்கத்தைப் பார்த்து அதட்டிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக் காவல் உட்கார்ந்துவிட்டார். மாமா தொழுதுவிட்டு வந்தபோதும் அசையவில்லை. காத்தாடி வந்து, தொழுகைக்காகக் கழுவிய ஈரக் காலை ஷூவுக்குள் நுழைத்தாள். கட்டத்தின் அடிக்கோட்டிலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் வியாபாரியின் வேட்டியில் விழுந்தது. வேட்டியை உதறி, தாளின் ஓரத்தை இரண்டு விரலால் நெருடிப் பார்த்தார்.

"தாள் மெலிசா இருக்கு. ஈரம் தாங்காது. அடுத்த மாசத்துலேர்ந்து கெட்டியாப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். கரடியைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

மாமா அன்று இரவுத் தொழுகையில் கேட்பதற்கு ஒன்றும் அகப்படாமல், நன்றியை மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். புத்தகம் கெட்டித் தாளில் வந்தது. அக்கா மகள் கல்யாணமாகிப் போய், அங்கிருந்தும் வரைந்து அனுப்பினாள். மாமியாரோடு சரிக்குச் சரி வாயாடினாள் என்ற செய்தி வந்தபோது மாமா தெருவுக்கே இனிப்பு வாங்கிக் கொடுத்தார். காத்தாடிக்கு இன்னும் பதினைந்து வயதுதான். பெண் பிள்ளைகள் உள்ள வீடுகளில் சாயங்காலமானால் புத்தகத்தைப் பிரித்து வைத்து, பக்கத்தில் உலர்ந்த துண்டு ஒன்றை மடித்துப் போடுகிறார்கள். காலையில் அதைப் பிழிந்து, மற்ற துணிகளோடு கொடியில் காயப்போடுகிறார்கள்.