பாதி மலை

சிவநாதனுக்கு ஐம்பத்தெட்டு வயது. மலை என்று ஒன்றைக் காலால் மிதித்தது அன்றைக்குத்தான். காரைக்கால் பக்கத்தில் மலைக்கு எங்கே போவது? மேடு என்று பேர் வைத்துக்கொண்ட காரைக்கால்மேடே கடலோடு கடலாகத் தட்டையாகக் கிடக்கிறது! சொந்த ஊரான விழிதியூரில் அவர் ஏறிய பெரிய உயரம் ஆற்றங்கரைதான். ஆனால் வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை. "தெனம் வரப்புல நடக்குறவனுக்கு மலை என்னம்மா மலை" என்று பர்வதமலை அடிவாரத்தில் மகள் ஓவியாவிடம் பெருமையடித்தார்.

செருப்பைக் கழற்றி, வந்த வேனிலேயே போட்டார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கோயிலுக்குப் போகிறவன் செருப்போடும் நிறைந்த வயிற்றோடுமா போவான் என்பது அவர் கட்சி. ஊரில் அப்படித்தான் வழக்கம். ஓவியா தலையில் அடித்துக்கொண்டாள்.

உண்மையில் ஏறவேண்டியவள் அவர் மனைவி சொர்ணாம்பாள். ஓவியாவுக்குச் சின்ன வயதில் மூளைக்காய்ச்சல் கண்டபோது, பிள்ளை பிழைத்தால் இந்த மலையேறி விளக்குப் போடுகிறேன் என்று மஞ்சள் துணியில் காசு முடிந்துவைத்தாள். பிள்ளை பிழைத்தது, படித்தது, வேலைக்கும் போனது. நடவு, அறுப்பு என்று வருஷம்தான் ஓடிப்போனது. இப்போது சொர்ணாம்பாளுக்கு வயிற்றில் புற்று. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். அந்த நேர்த்திக்கடனைத் தீர்த்தால் சாமி மனசு இரங்கும், அவள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள் என்று நம்பித்தான் மனிதர் அந்தக் காசு முடிச்சை மடியில் கட்டிக்கொண்டு கிளம்பி வந்திருந்தார்.

ஏறினாரா? எங்கே, ஓடினார்! அது வயல் நடை. மூச்சை மிச்சம் பிடித்து ஏறவேண்டும் என்று ஓவியா சொல்லிப் பார்த்தாள். கேட்கிற ஆளா அவர்? பாதி மலையில் முழங்கால் இரண்டும் வெடவெடவென்று ஆடின. உள்ளங்கால் கிழிந்து ரத்தம். பாறையில் சரிந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை.

"நீங்க இருங்கப்பா. அந்த முடிச்சக் குடுங்க, நான் போயி வெளக்கேத்திட்டு வர்றேன்" என்றாள் ஓவியா.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. வீட்டிலிருந்துதான். சொர்ணாம்பாளின் தங்கை அமுதம், அக்கா காதில் போனை வைத்துப் பிடித்திருந்தாள்.

"என்னங்க... ஏறிட்டீங்களா?"

அந்தக் குரலைக் கேட்டபிறகு இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "ஏறிட்டேன் சொர்ணம். வெளக்குப் போட்டாச்சு."

"அப்பாடா!" என்றாள் அவள். "இதுக்காவத்தான் உசுரப் புடிச்சிக்கிட்டுக் கெடந்தேன். வலி தாங்கலைங்க. இனிமே நிம்மதியா போய்ச் சேந்துடுவேன்."

ஐயோ, இதற்கா இத்தனை தூரம் வந்தேன்!

"இல்ல சொர்ணம், பொய் சொன்னேன்!" என்று கத்தினார். "பாதிதான் ஏறியிருக்கேன். இன்னும் நெறைய கெடக்கு. நான் ஏறி முடிக்கிற வரைக்கும் நீ இரு!"

வலியோடு கிடப்பவளைப் பிடித்துவைப்பது பாவம். அது தெரிந்தேதான் கேட்டார்.

"அப்ப மெதுவாவே ஏறுங்க" என்றாள் சொர்ணாம்பாள்.

போனை வைத்ததும் ஓவியா மேலே போக எழுந்தாள். சிவநாதன் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"வேணாம்மா. மீதி அப்பிடியே கெடக்கட்டும். எறங்கிடுவோம்" என்று சொல்லிவிட்டு, வருகிறவர் போகிறவர் பார்க்க வாய்விட்டு அழுதார்.