வடிவு கேட்ட மருந்து

அன்றைக்குக் காலையில் இருந்து சிவனாண்டிக்குப் புத்தி சொல்லாத ஆள் தூத்துக்குடியில் பாக்கி இல்லை.

அவன் பெண்டாட்டி சண்முகவடிவுக்கு மாசம் நிறைந்து நின்றது. ரெண்டாவது பேறு. மூத்த பெண் பிள்ளை வழக்கப்படி தாய் வீட்டில், கொற்கையில் பிறந்தாள். இந்தத் தடவை வடிவு ஒரே பிடியாக நின்றாள். மிஷன் ஆஸ்பத்திரியில்தான் பெறுவேன், அங்கே துணியில் விட்டு மூக்கில் காட்டுகிற மருந்து இருக்காம், வலி அடங்கிப் போகுமாம், எனக்கு அது வேணும் என்றாள். சிவனாண்டிக்கு இதில் என்ன தப்பு என்றும் விளங்கவில்லை, என்ன சரி என்றும் விளங்கவில்லை. அவன் கடற்கரையில் தோணி அணைகிற பாலத்தில் அரிசி மூட்டையும் பஞ்சுப் பொதியும் தோணிக்குச் சுமக்கிறவன். அவனுக்குத் தெரிந்த வலி கழுத்து வலி, இடுப்பு வலி. அதற்கு யாரும் மருந்து வேணுமா வேண்டாமா என்று கூட்டம் போட்டதில்லை.

பாலத்தில் மேஸ்திரி செல்வதுரை ஆரம்பித்து வைத்தார்.

"ஏலே சிவனாண்டி, அந்த மருந்து சண்டையில குண்டடி பட்டு வாரவனுக்கு உள்ளதுல. பிள்ளப்பேறுக்கு எதுக்கு? தானா வாரத தானா வர விடணும்."

செல்வதுரைக்குக் கல்யாணமே ஆகவில்லை.

"அண்ணாச்சி, போன மாசம் ஒங்களுக்கு முதுகு பிடிச்சிக்கிட்டப்ப தைலம் தேய்க்க ரெண்டு ஆள் போட்டியளே. தானா போகட்டும்னு விட வேண்டியதுதான?"

"அது முதுகுல."

"இது என்னதாம்?"

"எதுத்துப் பேசாத. மூட்டையத் தூக்கு."

தூக்கினான். நாலு நடை போய் வருவதற்குள், வடிவுக்கு வலி கண்டுவிட்டது என்று, பேறு பார்க்கக் கொற்கையில் இருந்து வந்திருந்த அவன் மாமியார் பேச்சித்தாய் ஆள் அனுப்பிவிட்டாள். வண்டிக்கார வளனிடம் முன்னமே சொல்லி வைத்திருந்தான். வளன் வண்டியை வீட்டு முன்னால் கொண்டு நிறுத்திவிட்டு, புகையிலை வாங்கி வருகிறேன் என்று கடைக்குப் போனான். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

சிவனாண்டி வீட்டுக்கு வந்தபோது வண்டி நின்றது. மாடுகளைக் காணோம்.

உள்ளே அவன் அக்கா சந்தனமாரி பெட்டிகளை எல்லாம் திறந்து போட்டுக்கொண்டிருந்தாள். உப்புப் பானை திறந்து கிடந்தது. உறிக்கயிறு அவிழ்ந்து கிடந்தது. கொடிக்கயிற்றையும் அவிழ்த்ததில் துணியெல்லாம் தரையில் கிடந்தது.

"அக்கா, மாடு எங்க?"

"அவுத்து விட்டேன். வலி எடுத்த வீட்டுல ஒரு முடிச்சு இருக்கப்படாதுல. முடிச்சு இருந்தா பிள்ளைக்கு வழி கிடைக்காது. ஒனக்கு இதெல்லாம் யாரு சொல்லப் போறா? நீ அந்தத் தலைத்துண்டையும் அவுரு."

"ஆஸ்பத்திரிக்குப் போற வண்டி மாட்டையா அவுத்து விட்ட? கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு?"

"ஆஸ்பத்திரிக்கு எதுக்குப் போணும்? நான் ஆறு பெத்தேன். பக்கத்து வீட்டுக்காரிக்குச் சத்தம் கேட்டிருக்குமா? கேட்டுப் பாரு."

"மைனி," என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற வடிவு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள், "ஒங்க சாமர்த்தியம் ஒங்களுக்கு. எனக்கு மாடு வேணும்."

மாடுகள் உப்பளத்துப் பக்கம் போயிருந்தன. வளன் புகையிலையை வாயில் அடக்கிக்கொண்டு அவற்றின் பின்னால் ஓடினான். அவன் திரும்புகிற வரைக்கும் காத்திருக்க முடியாது என்று பட்டது. சிவனாண்டி தெருமுனையில் நின்ற தள்ளுவண்டியை இழுத்து வந்தான். பொதி ஏற்றுகிற வண்டி. அதில் சாக்கை விரித்து வடிவை உட்கார வைத்தான். ஒரு பக்கம் பேச்சித்தாய் பிடித்துக்கொண்டாள். இன்னொரு பக்கம் சந்தனமாரி, கூப்பிடாமலே கூட வந்தாள்.

வண்டியைத் தள்ளத் தள்ள ரெண்டு பேரும் அவன் காதில் மாறி மாறி ஓதினார்கள்.

"மயக்கத்துல பெத்தா தாய் பிள்ளைய அறியமாட்டா. பால் இறங்காது. வலிச்சாத்தாம்ல பாசம் ஒட்டும்."

"இந்தாருங்க மருமவனே, அவ சொல்லுதத கேக்காதீய. மூத்தவ பொறந்தப்ப இவ பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"ஏன், என்ன பட்டுட்டா? பெத்தா, பிழைச்சா. பிள்ளையும் குத்துக்கல்லு மாதிரி இருக்கு."

"பிழைச்சா போதுமா? பிழைச்சதுக்குச் சந்தோசப்பட்டுக்கிட்டு இன்னொரு தடவ சாவணுமா?"

சிவனாண்டிக்கு வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடலாமா என்று இருந்தது. கொற்கையில் நடந்ததை அவன் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்தபிறகு போனான். பிள்ளையைத் துணியில் சுற்றிக் காட்டினார்கள், நல்லபடியாக ஆச்சு என்றார்கள். அவனும் சரி என்று பாலத்துக்குத் திரும்பிவிட்டான். வடிவு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அசதி என்று நினைத்துக்கொண்டான். அதற்கு மேல் அவன் கேட்கவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் வடிவை உள்ளே கூட்டிப்போனார்கள். டாக்டரம்மா பேர் அற்புதமணி. நாசரேத்துக்காரி. பொறுமையான மனுசிதான், ஆனால் அந்தப் பொறுமையே சிவனாண்டிக்கு எரிச்சலாக இருந்தது. வெளியே வந்து, நின்ற இடத்திலேயே அவனிடம் சொன்னாள்.

"இன்னும் நேரம் எடுக்கும். பிள்ளை நல்லா இருக்கு. உங்க சம்சாரம் மயக்க மருந்து கேக்கறாங்க. கொஞ்சமா கொடுக்கலாம். நீங்க என்ன சொல்றீங்க?"

"குடுத்தா நல்லதா அம்மா?"

"வலி குறையும். அவங்களுக்குத் தெம்பு மிஞ்சும். ஆனா வலி குறைஞ்சா பேறும் கொஞ்சம் மந்தப்படலாம். பிள்ளை தூங்கி வழிஞ்சிட்டு வரலாம். வாந்தி எடுக்கலாம். நான் பக்கத்துலயே இருந்து பாத்துக்குவேன்."

"அப்ப குடுக்காம இருந்தா நல்லதா?"

"குடுக்காமலும் பெறலாம். நிறைய பேர் அப்படித்தான் பெறுறாங்க. ஆனா அவங்க சொல்ற போன தடவை மாதிரி ரொம்ப நேரம் இழுத்தா சோர்ந்து போவாங்க. சோர்ந்து போனா அதுவும் ஆபத்து."

சிவனாண்டிக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஒரு பக்கமாவது முழுசாக நல்லது என்று யாராவது சொல்லித் தொலைக்கக்கூடாதா? படித்த மனுசியும் ரெண்டு தட்டையும் சமமாகப் பிடித்துக் காட்டிவிட்டு, நீ சொல்லு என்கிறாள்.

"வேண்டாம்னு சொல்லுல," என்றாள் சந்தனமாரி.

"வேணும்னு சொல்லுங்க மருமவனே," என்றாள் பேச்சித்தாய்.

"எளவு, ரெண்டு பேரும் செத்த வாய மூடுங்களேன்!"

உள்ளே இருந்து வடிவு கத்தினாள். ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டிருக்கும்.

"ஏலே சிவனாண்டி! அங்கன நின்னு என்னல பஞ்சாயத்து பண்ணுத?"

சந்தனமாரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "பாத்தியால? கட்டின புருசன ஏலேங்கா! இவளுக்கு மருந்து ஒண்ணுதான் கேடு."

சிவனாண்டிக்குக் கோபம் வரவில்லை. அந்தச் சத்தம் அவனுக்குப் பழக்கமான சத்தம். பாலத்தில் மூட்டையோடு பலகை மேல் ஏறுகிறவன் சில நேரம் அப்படிக் கத்துவான், "போடுதேன்!" என்று. கத்திவிட்டால் முன்னே போகிறவனும் பின்னே வருகிறவனும் ஒதுங்கிக் கொள்ளவேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது. இன்னும் நாலு அடிதானே என்று சொல்லக்கூடாது. மூட்டை யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்குத்தான் தெரியும். மேஸ்திரிகூட அந்த நேரம் வாயைத் திறக்கமாட்டார். வைவதெல்லாம் மூட்டை இறங்கின பிறகுதான். பதினாறு வயதில் இருந்து அந்த ஒழுங்கில் நடந்தவன், இங்கே வந்து வாசலில் நின்றுகொண்டு, கழுத்தில் மூட்டை இல்லாதவர்களை எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

"அம்மா, அவ எப்பக் கேட்டா?"

"வந்ததும் கேட்டாங்க. இப்பவும் கேக்கறாங்க."

"பிறகு என்னத்துக்கு என்கிட்டக் கேக்குதிய?"

"புருசன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கறது வழக்கம்," என்றாள் டாக்டரம்மா.

"நல்ல வழக்கம். எனக்கா வலிக்கி? அவகிட்டயே கேளுங்க. நீங்க சொன்ன கெடுதலையும் அவகிட்டச் சொல்லுங்க. என்கிட்டச் சொல்லி நான் என்ன செய்ய?"

"ஏலே, நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா?" என்றாள் சந்தனமாரி.

"ஆச்சுன்னா என்னத்தான வைவ? வையி. இப்ப ஒதுங்கு."

டாக்டரம்மா உள்ளே போனாள். கதவு சாத்தவில்லை. மருந்தினால் என்னென்ன ஆகலாம் என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்வது வெளியே கேட்டது. பிள்ளை அரைத் தூக்கத்தில் வரலாம் என்றபோது வடிவு பேசாமல் இருந்தாள். சந்தனமாரி, "பாரு, யோசிக்கா, பயந்துட்டா," என்று தம்பியை இடித்தாள்.

வடிவு யோசித்துவிட்டுத்தான் பேசினாள். குரல் இறங்கியிருந்தது.

"மூத்தவ பொறந்தப்ப எனக்கு ஒரு மருந்தும் குடுக்கல அம்மா. நான் முழிச்சா இருந்தேன்? வலியிலயே நினைப்புத் தப்பிட்டு. பிள்ள அழுத சத்தத்தக் கேக்கல. விடிஞ்ச பிறகு, இந்தா ஒன் பிள்ளைன்னு கொண்டாந்து வச்சாங்க. இது யாரு பிள்ளன்னு கேட்டேன். ஒரு வாரம் அவளத் தொடப் பயமா இருந்துச்சு. இத நான் யார்கிட்டயும் சொல்லல. நீங்க குடுங்க. ரொம்ப வேண்டாம். நான் போதும்னா நிறுத்திருங்க."

பேச்சித்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிவனாண்டி சுவரோடு சாய்ந்தான். வடிவு அன்றைக்குச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததற்கு அர்த்தம் இப்போதுதான் தெரிந்தது. ரெண்டு வருசமாக ஒரே பாயில் படுத்திருக்கிறோமே, ஒரு வார்த்தை கேட்டோமா என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

கதவைச் சாத்தினார்கள்.

சாத்தின கதவுக்கு வெளியே சந்தனமாரி சும்மா இருக்கவில்லை. முதலில் முணுமுணுத்தாள். பிறகு கொண்டுவந்த துணி மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள். தன் கொண்டையையும் அவிழ்த்துவிட்டாள். பேச்சித்தாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் முந்தானையில் முடிந்திருந்த வெற்றிலையை எடுத்துப் போட்டுவிட்டு அந்த முடிச்சையும் அவிழ்த்தாள். சிவனாண்டி தலைத்துண்டை உருவித் தோளில் போட்டான். எதுதான் யாருக்கு உதவும் என்று யார் கண்டார்கள்.

வெயில் சாய்கிற நேரத்தில் பிள்ளை பிறந்தது. பிறந்தது என்று நர்ஸ் வந்து சொன்னாளே தவிர அழுகைச் சத்தம் வரவில்லை. சந்தனமாரி தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். சொல்ல வாய் எடுத்தவள் சொல்லவில்லை. உள்ளே தட்டுகிற சத்தம், தண்ணீர்ச் சத்தம், டாக்டரம்மாவின் அதட்டல். சிவனாண்டி கண்ணை மூடிக்கொண்டான். அவகிட்டயே கேளு என்று சொன்னது சரிதானா, தன் தலையில் இருந்ததை இறக்கி அவள் தலையில் வைத்துவிட்டோமா என்று ஓடியது.

பிறகு அழுதது. கோபமாக, விட்டு விட்டு, தூக்கத்தில் எழுப்பின பிள்ளை மாதிரி அழுதது.

"ஆம்பிளப் பிள்ள," என்றாள் நர்ஸ்.

உள்ளே விட்டபோது வடிவு வெளுத்துப்போய் இருந்தாள். பக்கத்தில் வாந்தி எடுத்த கிண்ணம். ஆனால் பிள்ளை அவள் கைக்குள் இருந்தது. யாரும் கொண்டுவந்து வைத்ததல்ல, அவளே இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"ஏளா, தெரிஞ்சுதா ஒனக்கு?" என்று சந்தனமாரி குனிந்து கேட்டாள். "பெத்தது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது மைனி. வலியும் இருந்துச்சு. அடுத்த வீட்டுல யாரோ கத்துத மாதிரி தூரத்துல இருந்துச்சு. கடைசியில போதும்னுட்டேன். இவன் வாரதப் பாக்கணும்லா."

"பாத்தியா, கடைசியில மருந்து வேண்டாம்னுட்டா," என்றாள் சந்தனமாரி.

"அதுவரைக்கும் வேணும்னாள்லா?" என்றாள் பேச்சித்தாய்.

"நான் அப்பவே சொன்னேன், தானா வாரது..."

"ஒண்ணும் தானா வரல, மருந்து குடுத்துத் தெம்பு இருந்ததால..."

வடிவு கண்ணைத் திறந்தாள். "ரெண்டு பேரும் வெளிய போங்க. எனக்குத் தூக்கம் வருது." பிறகு சிவனாண்டியைப் பார்த்து, "நீங்களும்தான்," என்றாள்.

வெளியே படியில் ரெண்டு பேரும் விட்ட இடத்தில் இருந்து தொடங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் சந்தனமாரி, "ஏலே, நீயே நியாயத்தச் சொல்லு," என்றாள். பேச்சித்தாயும், "ஆமா மருமவனே, நீங்களே சொல்லுங்க," என்றாள்.

சிவனாண்டி தள்ளுவண்டியில் சாக்கை விரித்து, கால் நீட்டிப் படுத்து, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டான்.