பாதி காலியான பை

பையைத் திறந்ததும் மாசிக் கருவாட்டு வாடை ஜுனைதாவின் முகத்தில் அடித்தது. சீப்பை வைக்கத்தான் திறந்தாள். மேலே மடித்து வைத்திருந்த வெள்ளை உடுப்பைக் காணவில்லை. புருஷனோடு மக்காவுக்கு உம்ரா போவதற்கென்று அவளே தைத்தது. அது இருந்த இடத்தில் மாசிப் பொதிகளும் கறித்தூளும் ஒரு போத்தல் அச்சாறும் இருந்தன. உடுப்பு கதிரையில் சுருண்டு கிடந்தது.

யார் செய்த வேலை என்று விசாரிக்கத் தேவையிருக்கவில்லை. அவள் புருஷன் புஹாரி, தன் மூத்த அக்காவான ராத்தாவின் மகன் ஜித்தாவில் வேலை செய்வதால், அவனுக்காகப் பெரிய சூட்கேஸ் நிறையச் சாமான் கட்டியிருந்தார். அதில் அடங்காத மிச்சம் இவள் பைக்கு வந்திருக்கிறது.

இந்தப் பைக்காக அவள் மாத்தளை டவுனில் கடை கடையாக ஏறி இறங்கினாள். கடைக்காரர்கள் சக்கரம் வைத்த பெரிய பெட்டிகளையே முன்னால் தள்ளினார்கள். அவள் ஒவ்வொரு பையாக நோகும் தோளில் மாட்டி, கடைக்குள்ளேயே நடந்து பார்த்து, இந்த நீலத் துணிப் பையை எடுத்தாள். உடுப்பு, குர்ஆன், தோளுக்குப் பூசும் மருந்து. அவ்வளவுதான் வைத்தாள். பாதி காலியாகவே விட்டாள். அந்தக் காலியிடத்தை நினைத்தாலே மூச்சு இலேசானது. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் எங்கே போனாலும் யாருடைய சாமானாவது கூடவே வந்தது. பிள்ளை பெற ஆஸ்பத்திரிக்குப் போனபோதுகூட, அங்கே வேலை செய்யும் ராத்தாவின் கூட்டாளிக்கென்று ஒரு பொதி மிளகைப் பிள்ளைத் துணிகளுக்கு நடுவே செருகிவிட்டார் புஹாரி. வலி வந்து துடித்த நேரத்திலும் அந்தப் பொதி பத்திரமா என்று அவள் பார்த்துக்கொண்டாள். இப்போது அதை நினைத்தபோது காது மடல்கள் சுட்டன.

வேன் வந்துவிடும் என்று அவசரப்படுத்திக்கொண்டு புஹாரி அறைக்குள் வந்தார். திறந்து கிடந்த பையைப் பார்த்தும் அவர் முகம் மாறவில்லை. இடம் சும்மாதானே கிடந்தது, வெள்ளை உடுப்பு மக்காவில் வாங்கலாம், பொடியன் ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏங்கிப்போய் இருக்கிறான் என்றார்.

"ஏண்ட பையத் தொறக்க முந்தி ஏங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"இதுக்கெல்லாம் கேக்கணுமா, ஜுனைதா?"

மனதாரத்தான் கேட்டார். அதில் குத்தல் இல்லை, கள்ளமும் இல்லை. அவளுடையது என்று ஒன்று இருக்கலாம் என்பதே அவருக்குத் தோன்றியதில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

பையைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனாள். வழியனுப்ப வந்திருந்த ராத்தாவும் மற்றவர்களும் இடம்விட்டு விலகினார்கள். எல்லோர் முன்னாலும் பையைப் பாயில் கவிழ்த்தாள். குர்ஆனை மட்டும் முன்கூட்டியே எடுத்து நெஞ்சோடு அணைத்திருந்தாள். அச்சாறுப் போத்தல் உருண்டு ராத்தாவின் காலடியில் நின்றது.

ராத்தாவின் கண் கலங்கியது. "அல்லாஹ்ட வீட்டுக்குப் போறவ இவ்வளவு கோவத்தோட போகலாமா? உம்ரா கபூலாகுமா, அல்லாஹ் ஏத்துக்குவானா?"

"கபூலாகுறது எனக்கும் அல்லாஹ்வுக்கும் உள்ள விசயம், மதினி. மாசி ஒங்கட விசயம்."

தன் உடுப்புகளைப் பொறுக்கி அடுக்கினாள். வெள்ளை உடுப்பைக் கொண்டுவந்து உதறி மடித்து மேலே வைத்தாள். ஜிப்பை இழுத்தாள். யாருக்கும் முகம் கொடுக்காமல் இறங்கி நடந்தாள்.

வேன் பலாபத்வல கடைத்தெருவின் எதிர் ஓரத்தில் நின்றது. வேறு சாமான் இருக்கிறதா என்று டிரைவர் கேட்டார். தனக்கு இல்லை என்றாள். ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

கொஞ்சம் பொறுத்துப் புஹாரி வந்தார். சூட்கேஸை இரண்டு கையாலும் இழுத்து வந்தவருக்குத் தெருவோரச் சாக்கடைக் கானைத் தாண்ட முடியவில்லை. நிமிர்ந்து, ஒரு பக்கம் பிடிக்கும்படி வழக்கம்போல அவளைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். எழவில்லை. இருவருக்கும் நடுவே தம்புள்ளை மரக்கறி லொறியொன்று ஹார்ன் அடித்தபடி கடந்து போனது. புழுதி அடங்கியபோது, அவர் இன்னும் கைப்பிடியைப் பிடித்தபடி கானுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்.