இரண்டாவது தொட்டி

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து திருப்பதி ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்த ஆய்வு மாணவி யாமினி வாசலிலேயே நின்றுவிட்டாள். பன்னிரண்டு கண்ணாடித் தட்டுகளும் பளபளவென்று துலக்கிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் குங்குமப் பொட்டு வேறு!

அந்தத் தட்டுகளில் இருந்தவை ரோட்டிஃபர்கள். கண்ணுக்குத் தெரியாத நீர்ப் பிராணிகள். தலையில் சக்கரம் சுற்றுவதுபோல் இருக்கும். சந்திரகிரிக் கோட்டைப் பாசியில் எடுத்த ஒரே ஒரு தாயின் வம்சம், ஆண் வாடையே இல்லாமல் மூன்று வருடமாகப் பெருகியது. அதை உயிரோடு பார்க்க நாளைக் காலை ஆய்வுக்குழு வருகிறது. காட்டாவிட்டால் யாமினி மூட்டை கட்ட வேண்டியதுதான்.

“எல்லாத்துக்கும் பொட்டு வெச்சேன் பாப்பா. குங்குமம் உள்ள வுழுந்து தண்ணி செவந்துபோச்சு, அதான் மறுநாள் வந்து கழுவிட்டு மறுபடியும் பொட்டு வெச்சேன்,” என்றாள் கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் தாட்சாயணி.

“தண்ணிய எங்கக்கா ஊத்தின?”

“பூஜைத் தண்ணிய சிங்க்ல ஊத்துவாங்களா? கால் படாத எடமா பாத்து செம்பருத்தித் தொட்டியில ஊத்தினேன்.”

யாமினிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இந்த வகை ரோட்டிஃபர் காய்ந்தால் சாகாது. சுருண்டு கிடந்து, தண்ணீர் பட்டதும் எழுந்துகொள்ளும். வராந்தாவுக்கு ஓடி, காய்ந்த மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து நனைத்து, நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். முக்கால் மணி நேரம். தாட்சாயணி பக்கத்திலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

ஒன்று நெளிந்தது. சக்கரத்தை விரித்தது.

“பொழச்சிக்கிச்சுக்கா!”

“ஏழுமலையானே! என் வேலையும் பொழச்சுது,” என்று தாட்சாயணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஆனால் பாழாய்ப்போன மூளை சும்மா இருக்குமா? இது கோட்டை வம்சம்தானா, தொட்டி மண்ணிலேயே இருந்ததா? பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். மரபணுச் சோதனைக்குப் பத்து நாளாகும். பக்கத்திலேயே, அதே மண் போட்ட இன்னொரு தொட்டி இருந்தது. அதில் தாட்சாயணி எதையும் ஊற்றவில்லை. அதில் ஒன்றும் இல்லையென்றால் இது தன்னுடையது என்று தைரியமாகச் சொல்லலாம்.

அந்த மண்ணையும் நனைத்தாள். எதுவும் வந்துவிடாதே என்று வேண்டிக்கொண்டே பார்த்தாள். அரை மணி ஆனது, ஒன்றுமில்லை. இன்னும் பத்து நிமிடம்.

ஓரத்தில் ஒரு சக்கரம் சுற்றத் தொடங்கியது.

“இதுலயும் கெடச்சுதா பாப்பா?” தாட்சாயணி ஆசையாகக் கேட்டாள்.

“கெடச்சுது. அதனாலதான் எல்லாம் போச்சுக்கா.”

யாமினி விளக்கியதும் தாட்சாயணி கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “இந்தத் தொட்டிய நீ பாத்தது யாருக்குத் தெரியும்?”

யாமினிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிறகு இரண்டு தட்டுகளிலும் எந்தத் தொட்டி மண் என்று எழுதி ஒட்டிவிட்டு, நெறியாளர் வேங்கடாசலத்துக்குப் போன் போட்டாள்.

“சார், நாளைக்குக் காட்ட எங்கிட்ட ஒண்ணுமில்ல சார்.”